அந்நிய ஆண் பார்க்காத பிலிம்

12-11-1983, சனி

தம்பி கரீம் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பிப் போய் நாலு நாள் ஆகிறது. மற்றவர்களுக்கெல்லாம் சென்ட், துணி, கோடாலித் தைலம். எனக்கு மட்டும் ஒரு கேமரா. "சின்ன வயசுலேர்ந்து கடிகாரம், தையல் மிஷினுன்னு எதையாவது பிரிச்சிக்கினே இருப்பியே, இத்த வச்சிக்கோ. ஆனா பிரிக்காத" என்றான்.

பென்டாக்ஸ். முக்கால் கிலோ வெல்லக்கட்டி கனம். அரை மணி நேரத்தில் பாடத்தை முடித்துவிட்டான். லென்ஸில் ஒரு வளையம் தெளிவுக்கு. இன்னொரு வளையம் ஓட்டைக்கு, வெளிச்சம் எவ்வளவு நுழையலாம் என்பதற்கு. மேலே ஒரு திருகு, எவ்வளவு நேரம் நுழையலாம் என்பதற்கு. உள்ளே ஒரு முள், அது நடுவில் நின்றால் சரி. பெரிய எண் வைத்தால் ஓட்டை சின்னது, சின்ன எண் வைத்தால் பெரியது. யார் போட்ட கணக்கோ, இந்த வீட்டு நியாயம் மாதிரியே தலைகீழாக இருக்கிறது.

இவர் மண்டியிலிருந்து வந்து பார்த்தார். "இன்னா ஜீனத்து, கடுக்காய் மண்டிய மூடிட்டு ஸ்டூடியோ வச்சிடலாமா" என்று சிரித்தார். ரோஷன் அக்கா சிரிக்கவில்லை. இவருடைய அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்க்க இருபத்திரண்டு வயதில் விதவையாய்த் திரும்பி வந்தவர், இன்று வரை வீட்டுச் சாவி அவர் இடுப்பில். "உருவம் புடிக்கிற சாமான் இருக்கிற ரூம்ல நான் தொழ மாட்டேன்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பேசினால் கடுக்காய் மென்ற மாதிரி இருக்கும் அக்கா பேச்சு. பத்து வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

20-11-1983

பிலிம் போடாமலே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முருங்கை மரத்தைப் பார்த்தேன். பச்சையாய் ஒரு புகை. வளையத்தை ஒரு விரல் நகர்த்தினேன் — புகைக்குள்ளிருந்து ஒவ்வொரு இலையாக வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் இலை புகையாகிறது, பின்னாலிருக்கிற மதில் சுவர் வருகிறது. சுவரில் எறும்பு.

முப்பத்திரண்டு வயதாகிறது. அந்தச் சுவரில் எறும்பு ஏறும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பார்த்ததில்லை.

3-12-1983, சனி

முதல் ரோல் கடைவீதி ஸ்டூடியோவிலிருந்து திரும்பி வந்தது. முப்பத்தாறும் வெறுமை. கண்ணாடிக் காகிதம் போல நீளமாய் ஒரு நாடா. "ஒண்ணுமே வுழலிங்க பாய்" என்று ஸ்டூடியோக்காரர் இவரிடம் சொன்னாராம்.

கரீம் எழுதிக் கொடுத்த தாளை மறுபடி படித்தேன். பிலிமின் நாக்கைச் சக்கரத்துப் பல்லில் சரியாக மாட்டவில்லை நான். எண் மட்டும் ஒன்று, இரண்டு என்று நகர்ந்திருக்கிறது, பிலிம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. கடைசியில் சுற்றும்போது கைப்பிடி லேசாய் ஓடியது, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பிலிம் ஓடியிருந்தால் கனமாக இருக்குமாம். கடுக்காய் வியாபாரி பெண்டாட்டிக்கே கடுக்காய் கொடுத்துவிட்டது கேமரா.

அக்கா இவரைக் கேட்டார், "அவன் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் குடுப்பானா?" ஆமாம் என்றார் இவர். "நல்லா இருக்கிறத கண்ணாடிப் பொட்டியில மாட்டி வாசல்ல வெச்சிக்கிறானே, அவன்தானே?" அவர்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

5-1-1984

முள் செத்துப் போயிற்று. பாட்டரி தீர்ந்துவிட்டது, அது கள்ளக்குறிச்சியில் கிடைக்காது, உளுந்தூர்பேட்டையிலும் கேட்டாகிவிட்டது. ஆனால் முள் இல்லாமலும் கேமரா வேலை செய்கிறது. பிலிம் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள்: சூரியன் படம் போட்டுப் பதினாறு, மேகம் படம் போட்டு எட்டு, நிழலுக்கு நாலு. இனி என் கண்தான் முள். காலையிலிருந்து வாசலைப் பார்த்து "இப்ப பதினொண்ணு, இப்ப எட்டு" என்று வெளிச்சத்துக்கு எண் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால்காரர் பயந்திருப்பார்.

12-1-1984, வியாழன்

இன்று நடந்ததை நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

பின்கதவைத் திறந்து, உள்ளே பிலிம் ஓடும் இடத்தில் வெண்ணெய்த் தாளை ஒட்டி, லென்ஸைத் தெரு ஜன்னலுக்கு நேராக வைத்து, திருகை, விரலை எடுக்கும் வரை ஓட்டை மூடாத 'பி'யில் வைத்து அழுத்திப் பிடித்தேன். தலைமேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். தாளில் தெரு. முழுத் தெரு, நகத்தளவில், நிறத்தோடு, தலைகீழாக. மாட்டு வண்டி வானத்தில் தொங்கிக்கொண்டு போகிறது.  கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. அக்கா ஓடி வந்தார்.

"இன்னாடி ஆச்சு."

முந்தானையை அவர் தலைக்கும் போர்த்தினேன். பத்து வருஷத்தில் அக்காவின் கன்னம் என் கன்னத்தருகில் வந்தது இதுதான் முதல் தடவை.  பிறகு அக்கா சொன்னார், "அடியே, தம்பி தலைகீழா நடந்து வர்றான்டி." இவர்தான், சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அக்கா சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்க. இவர் உள்ளே வந்து இரண்டு பேரையும் பார்த்து வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

29-1-1984, ஞாயிறு

கல்வராயன் மலைக்குப் போய் வந்தோம். கடுக்காய் எடுக்க இவர் ஜீப்பில் போவது வழக்கம். இந்தத் தடவை அக்காவே கிளம்பினார். "நானும் வர்றேன். அந்தக் கண்ணாடிய எடுத்துக்க" என்றார். கேமராவுக்கு அக்கா வைத்த பெயர் அது.

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம். கரியாலூரில் இவர் எடை போடும் இடத்துக்குப் போய்விட்டார். கடுக்காய் பொறுக்கித் தருகிற செல்லியம்மாள் எங்கள் இருவரையும் ஓடைக்கு அழைத்துப் போனாள். ஆம்பிளை வாசனை இல்லாத இடம். அக்கா முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டார்.

அப்போது பனி இறங்கிற்று. எதிரில் நின்ற மரம் போயிற்று, ஓடை போயிற்று, சத்தம் மட்டும் இருந்தது. "பயப்படாதீங்க, வந்துட்டுப் பூடும்" என்றாள் செல்லியம்மாள். அக்கா கையை நீட்டினார். கேமராவைக் கொடுத்தேன். வளையத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார். பக்கத்திலிருந்த புல்லில் வளையத்தை நிறுத்தினார். புல் நுனியில் ஒரு துளி, துளிக்குள் வெளிச்சம்.

"படைச்சவன் இவ்ளோ நுணுக்கமா படைச்சி வச்சிக்கிறான். நான் பாக்காமலே இருந்துட்டேனே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கேமராவைத் திருப்பித் தந்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். "எட்றி ஒண்ணு."

எனக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம். காற்றில் முக்காடு நழுவி முடி தெரிந்தது. அக்காவின் முடியை நானே முழுதாகப் பார்த்ததில்லை. முள் இல்லை, பனியில் எந்த எண் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. ஐந்தரை, நாலு, இரண்டே முக்கால் என்று ஓட்டையை மாற்றி மாற்றி மூன்று எடுத்தேன். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்று.

எடுத்து முடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இத்த எவனோ ஒருத்தன்தானே கழுவுவான். அந்நிய ஆம்பள கண்ணு என் முடி மேல படக் கூடாது. நீயே கழுவு. முடியலன்னா கொளுத்திடு. அல்லாஹ் மேல சொல்லு."

சொன்னேன்.

30-1-1984

பிலிமைச் சுற்றினேன். கைப்பிடி கனமாக இருந்தது. ஓடியிருக்கிறது. அக்கா உள்ளே இருக்கிறார்.

14-2-1984

கழுவுகிற டப்பா, மருந்து எல்லாம் மெட்ராசிலிருந்து வி.பி.பி. தபாலில் வருமாம், வந்ததும் காசு கட்டினால் போதும். இன்னும் எழுதவில்லை. நாளைக்கு எழுத வேண்டும். நேற்றும் இதையேதான் சொல்லிக்கொண்டேன்.

21-2-1984, செவ்வாய்

ரோஷன் அக்கா மவுத். காலை ஏழு மணி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை.

1-3-1984

இவர் மண்டிக்குப் போவதில்லை. இன்று அக்காவின் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "மலையில எடுத்தியாமே. செல்லியம்மா துக்கம் கேக்க வந்தப்ப சொல்லிச்சி."

ஆமாம் என்றேன். இந்த வீட்டில் அக்காவின் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர்தான். எடுத்துக் கொடு, ஸ்டூடியோவில் கழுவி வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டார். சத்தியத்தைச் சொன்னேன். உட்கார்ந்தார்.

6-3-1984

சண்டை. அவரும் மனுஷன்தானே, எத்தனை நாள் பொறுப்பார். "செத்துப்போனவங்களுக்கு இன்னா தெரியப் போவுது. ஒரு தடவ ஒருத்தன் பாத்தா பூமி பொளந்துடுமா." எனக்கும் நாக்கு நின்றதா? உங்க அக்கா உசிரோட இருந்தா இத்த அவங்க முன்னால சொல்லுவீங்களான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சத்தியமா கேட்டிருக்கக் கூடாது.

போகும்போது சொன்னார், "நீயே கழுவு. ஆனா ஒண்ணு. அது கெட்டுப்போச்சுன்னா எனக்கு அக்கா ரெண்டாவது தபா செத்த மாதிரி. அத்த மனசுல வச்சிக்க."

பிலிமை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். எழுத்தாணியால் நெஞ்சில் எழுதின மாதிரி இருக்கிறது அவர் சொன்னது.

20-3-1984

பார்சல் வந்தது. முதலில் வேறு ஒரு ரோலில் பழக வேண்டும். கோழி, கிணறு, துவைக்கிற கல் என்று முப்பத்தாறு எடுத்தேன். போட்டோக் கழுவும் அறையில் சிவப்பு விளக்கு எரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டது. சந்தனக்கூட்டுக்கு மாட்டுகிற சீரியல் விளக்குச் சரத்திலிருந்து ஒரு சிவப்பு பல்பைக் கழற்றி, கடுக்காய் மூட்டை வைக்கிற அறையில் மாட்டி, அதன் வெளிச்சத்தில் பிலிமைப் பிரித்தேன்.

கழுவி எடுத்தால் முழு நாடாவும் தார் மாதிரி கறுப்பு. கோழியும் இல்லை, கிணறும் இல்லை.

பார்சலோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிவப்பு விளக்கு காகிதத்துக்குத்தான். பிலிமுக்கு ஒரு ஊசி முனை வெளிச்சம்கூட ஆகாது. அக்கா ரோலைத்தான் முதலில் பிரிப்பதாக இருந்தேன். வேறு ரோலில் பழகலாம் என்று கடைசி நேரத்தில்தான் தோன்றியது. 

31-3-1984, சனி

நாற்பதாம் பாத்திஹா. அக்காவின் சேலைகளை ஏழைகளுக்குக் கொடுத்தோம். புர்காவை எடுத்துக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன்.

3-4-1984

கடுக்காய் அறையும் ஆகாது. ஓட்டுச் சந்தில் வெயில் ஒழுகுகிறது. இந்த வீட்டில் இருட்டே இல்லை. பகலில் கரிப்பானைக்குள்கூட வெளிச்சம் இருக்கிறது, ராத்திரியில் தெருவிளக்கு சந்து சந்தாக நுழைகிறது. முன்பெல்லாம் இருட்டு என்றால் சும்மா கிடைப்பது என்று நினைத்திருந்தேன்.

5-4-1984, வியாழன்

பெட்டியைத் திறந்தேன். புர்காவை வெயிலில் விரித்துப் பார்த்தேன். கெட்டித் துணி, இரட்டைத் தையல்.

கழுத்தையும் கீழ்விளிம்பையும் தைத்து மூடினால் அது ஒரு பை. கை நுழைக்க இரண்டு கை, ஏற்கெனவே தைத்தே இருக்கிறது. மணிக்கட்டில் ரப்பர் போட்டால் போதும். இரண்டு துண்டு பிலிமை வெட்டி உள்ளே வைத்து, பிறகு கழுவிச் சோதனை பார்த்தேன். ஒரு புர்காவுக்குள் வைத்த துண்டில் லேசாய்ப் புகை ஏறியிருந்தது. இரண்டு புர்காவை ஒன்றுக்குள் ஒன்றாய்ப் போட்டு வைத்த துண்டு கண்ணாடி போலிருந்தது. உள்ளே என்னுடையது, வெளியே அக்காவுடையது.

8-4-1984, ஞாயிறு

விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். மருந்துத் தண்ணீர் இருபது டிகிரி இருக்க வேண்டும் என்கிறது புத்தகம். கள்ளக்குறிச்சிச் சித்திரைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் முட்டை வேகும். சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொன்னேன். இவர் போய் வாங்கி வந்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

டப்பா, ரோல், கத்திரி, பாட்டில் திறப்பான், எல்லாம் பைக்குள். தைத்து மூடினேன். இரண்டு கையையும் புர்காவின் கைகளுக்குள் விட்டேன். அக்காவின் அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்திருந்தாலும் பயன் இல்லை, விரல்தான் கண். மூடியை நெம்பினேன், பிலிம் சுருண்டு துள்ளியது. சுருள் சக்கரத்தில் ஏறவில்லை. வியர்வை. மறுபடி ஏற்றினேன், பாதியில் மாட்டிக்கொண்டது. கையை வெளியே எடுக்கவும் முடியாது, உதவிக்கு யாரையும் கூப்பிடவும் முடியாது. "அக்கா, நீங்கதானே கழுவச் சொன்னீங்க, வாங்க" என்று வாய்விட்டே சொன்னேன். எத்தனை நேரம் என்று தெரியாது. 'க்ளக்' என்று டப்பா மூடிய சத்தம் கேட்டபோது அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு மருந்து. எட்டு நிமிஷம். கழுவல். விழுந்த படத்தை அழியாமல் நிறுத்துகிற ஹைப்போ பத்து நிமிஷம். மேசைக் கடிகாரத்தைப் பார்த்தே கண் பூத்துவிட்டது. மூடியைத் திறந்து நாடாவை உருவினேன்.

இருக்கிறது.

ஒன்று, இரண்டு, மூன்று — கட்டம் கட்டமாய், ஜீப், மலை, செல்லியம்மாளின் கூடை, எல்லாம் இருக்கிறது. ஒரு சின்ன உருளையின் இருட்டுக்குள், நான் பார்க்காமல், இத்தனையும் இரண்டு மாதமாய் விழித்துக்கொண்டிருந்திருக்கின்றன. அக்காவின் மூன்று கட்டங்கள் இருபத்திரண்டில் தொடங்குகின்றன. முதலாவதில் பிலிம் மெலிந்துவிட்டது, உருவம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். இரண்டாவதில் என் கை ஆடியிருக்கிறது. மூன்றாவது நிற்கிறது. சுப்ஹானல்லாஹ். முடி ஒவ்வொரு இழையாய் நிற்கிறது.

9-4-1984

காய்ந்த பிலிமை இவரிடம் கொடுத்தேன். சொந்தத் தம்பி பார்க்கலாம், அக்காவின் சத்தியத்தில் அதற்குத் தடை இல்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பிலிமில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும் என்று முன்பே சொல்லித்தான் இருந்தேன்.

"மூஞ்சி கறுப்பா இருக்குது. முடி வெள்ளையா இருக்குது. இது யாரோ" என்றார். மெதுவாய்த் திருப்பிக் கொடுத்தார். "இது எங்க அக்கா இல்ல, ஜீனத்து." சோறு வேண்டாம் என்று போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

10-4-1984

காகிதத்தில் எடுத்தால்தான் கறுப்பு வெள்ளை நேராகும். அதற்குத் தனிக் காகிதம், தனி மருந்து. பார்சலில் அது வரவில்லை, நான் கேட்டு எழுதவில்லை. இவரிடம் காகிதம் என்று வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

22-4-1984

இவர் லோடோடு மெட்ராஸ் போயிருக்கிறார். மண்டி வேலைக்காரர் காசிநாதன் வந்து சொன்னார், இவர் மேசையிலிருந்த புத்தகத்தையும் எடுத்துப் போனாராம். எனக்குத் தெரியாது.

25-4-1984, புதன்

வந்தார். காகிதத்துக்கான மருந்தை மேசையில் வைத்துவிட்டு, கறுப்புத் தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். "இத்த வெளிச்சத்துல பிரிக்கக் கூடாதாம். கடைக்காரர் பிலிம குடுத்தா அவரே பெரிசா போட்டுத் தர்றேன்னார். நான் குடுக்கலன்னு சொன்னேன். வூட்ல போட்டுக்குவாங்கன்னேன்."

பிலிம் அவரிடம் இல்லவே இல்லை, என் பெட்டியில் இருந்தது. அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

26-4-1984, வியாழன்

கடுக்காய் அறையின் ஓட்டுச் சந்தையெல்லாம் சாக்கால் அடைத்துக் கொடுத்தார். காகிதத்துக்கு இந்த அளவு இருட்டு போதும், சிவப்பு பல்பும் இருக்கலாம். "உள்ள வாங்களேன்" என்றேன். "வேணாம். நீ பாரு" என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் நின்றார். போன தடவை பார்த்த முகத்துக்குப் பயந்திருக்கிறார் என்று புரிந்தது.

பெரிதாக்குகிற மிஷின் நம்மிடம் இல்லை. பிலிமைக் காகிதத்தின் மேல் வைத்து, கண்ணாடியால் அமுக்கி, வெள்ளை பல்பை மூன்று எண்ணி அணைத்தேன். படம் பிலிம் அளவுக்குத்தான் வரும், அஞ்சல் தலை மாதிரி. காகிதத்தைத் தட்டிலிருந்த மருந்தில் போட்டேன். வெறும் வெள்ளை. தட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். வெள்ளை.  பிறகு வெள்ளைக்குள் ஒரு புருவம் மாதிரி ஏதோ. இல்லை, புருவமேதான். அதன் மேல் முடி கறுப்பாய், காற்றில் கலைந்தபடி. பிறகு கன்னம். சிரிக்கத் தொடங்கிச் சிரிக்காமல் அடக்கிக்கொள்கிற அந்த வாய்.

கதவுக்கு வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "ஜீனத்து. அக்கா வந்துச்சா?"

"வந்துக்கினு இருக்காங்க" என்றேன்.